பதவி இல்லாமல் இறந்தவன்

இருபது வயதில் இறந்த ஓர் இளைஞனின் கல்வெட்டு, மன்னிப்புக் கேட்கும் தொனியில் முடிகிறது. அவன் பெயர் லூசியஸ் கொர்னேலியஸ் சிபியோ. க்னேயஸின் மகன், க்னேயஸின் பேரன். சிறு வயதிலேயே பெரிய அறிவும் பல நற்குணங்களும் அவனிடம் இருந்தன, தகுதிக்குக் குறைவில்லை, ஆயுள்தான் போதவில்லை என்று சொல்லிவிட்டு, அவனிடம் ஏன் எந்தப் பதவியும் ஒப்படைக்கப்படவில்லை என்று கேட்காதீர்கள் என்கிறது அந்தக் கல். ரோமில் பத்து ஆண்டுப் படையெடுப்புகளில் பங்கெடுக்காத எவரும் அரசுப் பதவிக்கு வர முடியாது என்று கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த பாலிபியஸ் எழுதியிருக்கிறார். பதினேழு வயதில் படையில் சேர்ந்தவனுக்கும் அதற்குள் இருபத்தேழு ஆகிவிடும். அப்படியிருக்க, இருபது வயதுப் பிள்ளையிடம் உனக்கு ஏன் பதவியில்லை என்று கேட்கக்கூடியவர் யார்? ஊரார் கேட்டிருக்க முடியாது. அந்தக் கல் சாலையோரத்தில் வழிப்போக்கர் படிக்க நட்டதும் அல்ல. அப்பியா சாலையை ஒட்டி, கபேனா வாசலுக்கு வெளியே, மென்பாறையைக் குடைந்து வெட்டிய குடும்பக் கல்லறையின் இருட்டுக்குள் அது கிடந்தது. அடுத்த பிணத்தைத் தூக்கிக்கொண்டு விளக்கோடு உள்ளே வரும் சிபியோக்கள்தான் அதைப் படிக்க முடியும். கேள்வி வெளியிலிருந்து வரவில்லை. அது அந்த வீட்டுக்குள்ளேயே இருந்தது.

இந்தக் கல்வெட்டைப் படித்தவரை அது எளிதில் விடுவதில்லை. சிபியோக்களைப் பற்றி வரலாறு சொல்லும் மற்ற எல்லாம், ஹன்னிபாலை வென்றது, கார்தேஜை எரித்தது, ஸ்பெயினையும் ஆசியாவையும் ரோமுக்குக் கொண்டுவந்தது, எல்லாம் இந்த ஒரு வேண்டுகோளின் பக்கத்தில் வைக்கும்போது வேறுவிதமாகத் தெரியத் தொடங்குகின்றன.

அந்தக் கல்லறையின் நடுநாயகம் சிபியோ பார்பட்டஸ். கி.மு. 298இல் ரோமின் உச்சப் பதவியான கான்சல் பதவியை வகித்தவர். 1780இல் ஒரு திராட்சைத் தோட்டத்தில் நிலவறையைப் பெரிதாக்கத் தோண்டியபோது கல்லறை மீண்டும் வெளிப்பட்டது. அவருடைய கற்பேழை இப்போது வத்திக்கான் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சாம்பல் நிற எரிமலைக்கல். மேலே கிரேக்கக் கோயில்களின் பாணியில் ஒரு பட்டை, அதில் வரிசையாகப் பூக்கள், மூடியின் இரு முனைகளிலும் சுருள் வேலைப்பாடு. முகப்பில் நான்கு வரி எழுத்து. வீரமும் அறிவும் உள்ளவர், அழகும் அதற்கு ஈடானது, கான்சல், சென்சர், ஈடைல் ஆகிய பதவிகளை வகித்தவர், சாம்னியத்தில் இன்னின்ன ஊர்களைப் பிடித்தவர், லுக்கானியா முழுவதையும் அடக்கிப் பிணையாட்களைக் கொண்டுவந்தவர் என்று அது அடுக்குகிறது. அந்த எழுத்துக்கு மேலே உளியால் சுரண்டப்பட்ட இடம் ஒன்று இருக்கிறது. ஒன்றரை வரி நீளம். முதலில் எழுதியதை யாரோ அழித்துவிட்டு, பிறகு வந்த தலைமுறைக்கு வேண்டியதைக் கீழே பொறித்திருக்கிறார்கள். அதே ஆண்டைப் பற்றி எழுதும் வரலாற்றாசிரியர் லிவியோ பார்பட்டஸை எட்ரூரியாவில் போரிட வைக்கிறார். சாம்னியத்து வெற்றியை உடன் கான்சலாக இருந்த ஃபுல்வியஸுக்குக் கொடுக்கிறார். இருவரில் யார் சொல்வது சரி என்ற வழக்கை அறிஞர்கள் நடத்தட்டும். ஆனால் ரோமானியக் குடும்பங்கள் இறுதிச்சடங்குப் புகழுரைகளிலும் முன்னோர் படங்களின் கீழ் எழுதும் வாசகங்களிலும் இல்லாத வெற்றிகளைச் சேர்த்துக்கொண்டு வரலாற்றையே குழப்பிவிட்டன என்று வருத்தப்பட்டவரும் இதே லிவிதான்.

எதைச் சேர்த்தார்கள் என்பதைப் போலவே, யாரை விட்டார்கள் என்பதும் கவனிக்கவேண்டியது. கி.மு. 218இல் டிசினஸ் ஆற்றருகே ஹன்னிபாலின் குதிரைப்படை ரோமானியரை முறியடித்தபோது, காயம்பட்ட கான்சலைப் பதினேழு, பதினெட்டு வயது மகன் பாய்ந்து சென்று காப்பாற்றினான் என்பது சிபியோ வீட்டுக் கதை. பின்னாளில் ஆப்பிரிக்கானஸ் ஆகப்போகும் மகன் அவன். ஆனால் கோயிலியஸ் என்ற பழைய வரலாற்றாசிரியர், கான்சலைக் காப்பாற்றியது லிகூரியாவைச் சேர்ந்த ஓர் அடிமை என்று எழுதினார். லிவி இரண்டையும் குறித்துவிட்டு, மகன் காப்பாற்றினான் என்பது உண்மையாக இருப்பதையே தான் விரும்புவதாக வெளிப்படையாகச் சொல்கிறார். அந்த விருப்பம் லிவிக்கு மட்டும் உரியதல்ல. படிக்கிற எல்லோருக்கும் அதே ஆசைதான் வருகிறது. லிகூரிய அடிமையின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

குடும்பத்தின் நினைவு வீட்டில் வேறொரு வடிவத்தில் இருந்தது. முன்கூடத்தில், வருகிறவர் கண்ணில் முதலில் படும் இடத்தில், மர அலமாரிகள். ஒவ்வொன்றிலும் ஒரு மெழுகு முகம். பெயரும் வகித்த பதவிகளும் கீழே எழுதப்பட்டிருக்கும். அடுப்புப் புகை தலைமுறை தலைமுறையாகப் படிந்து கறுத்த முகங்கள் என்பது சிசரோ காலத்தில் பழங்குடும்பங்களைக் குறிக்கும் வழக்கமான அடையாளம். வீட்டில் ஒரு பெரியவர் இறந்தால் அலமாரிகள் திறக்கப்படும். முன்னோரின் உயரமும் உடல்வாகும் உள்ள ஆட்களைத் தேடிப்பிடித்து, அந்த முகங்களை அணிவித்து, கான்சலாக இருந்தவருக்குச் செங்கரை வைத்த டோகாவும் வெற்றி ஊர்வலம் கண்டவருக்குப் பொன்னிழை வேலை செய்த டோகாவும் உடுத்தி, தேரில் ஏற்றிச் சந்தைவெளிக்குக் கொண்டுபோவார்கள். அங்கே தந்த நாற்காலிகளில் இறந்தவர்கள் வரிசையாக உட்காருவார்கள். மகன் மேடையேறித் தகப்பனின் செயல்களைச் சொல்லி, பிறகு உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு முகத்தின் செயலையும் மூத்தவரிலிருந்து தொடங்கிச் சொல்லவேண்டும். சிபியோ வீட்டோடு நெருங்கிப் பழகிய பாலிபியஸ் இந்தக் காட்சியை வியப்போடு விவரிக்கிறார்; புகழை விரும்பும் ஓர் இளைஞனுக்கு இதைவிட நல்ல காட்சி கிடையாது என்று நினைக்கிறார். முன்னோரின் முகங்களைப் பார்க்கும்போது உள்ளம் பற்றியெரிகிறது என்று பப்லியஸ் சிபியோ சொல்வதுண்டு என்று சலஸ்ட் எழுதியிருக்கிறார்.

அந்த அலமாரியில் இடம்பெற ஒரு விதி இருந்தது. ஈடைல் பதவியோ அதற்கு மேற்பட்டதோ வகித்திருக்கவேண்டும். பெண்களுக்கு முகமூடி கிடையாது. சிறு வயதில் செத்தவர்களுக்கும் கிடையாது. வென்றவர்கள் மட்டும் கூடத்தில் இருந்தார்கள். மற்றவர்களைக் கல்லறை வாங்கிக்கொண்டது.

அதனால்தான் கல்லறையின் எழுத்துகள் அப்படிப் பேசுகின்றன. ஆசியாவில் அந்தியோகஸ் மன்னனை வென்ற லூசியஸ் சிபியோவின் மகன் முப்பத்துமூன்று வயதில் இறந்தான். குவெஸ்டர், படைப்பிரிவு அதிகாரி என்ற இரண்டு சிறிய பதவிகளையும் வயதையும் சொன்ன பிறகு அவன் கல்லில் எழுத வேறொன்றும் இல்லாமல், அவன் தகப்பன் அந்தியோகஸை அடக்கினார் என்று எழுதி முடித்திருக்கிறார்கள். ஜூபிடரின் பூசாரியாக இருந்து அற்பாயுளில் போன பப்லியஸ் சிபியோவின் கல்லில், மரணம் உன் பதவி, புகழ், வீரம், அறிவு எல்லாவற்றையும் குறுக்கிவிட்டது, நீண்ட ஆயுள் கிடைத்திருந்தால் முன்னோரை எளிதில் மிஞ்சியிருப்பாய் என்று இருக்கிறது. பிரீட்டர் பதவி வரை வந்த ஹிஸ்பானஸின் கல்லோ நிம்மதிப் பெருமூச்சு விடுகிறது. தன் குணத்தால் குலத்தின் சிறப்பைக் கூட்டியதாகவும், தன்னைப் பெற்றதற்கு முன்னோர் மகிழ்வார்கள் என்றும் அவர் குரலிலேயே அது பேசுகிறது. இவர் அந்த இருபது வயது இளைஞனின் சகோதரர் என்று கருதப்படுகிறது. ஒரே வீட்டில் ஒருவன் கணக்குத் தீர்த்தான், மற்றவனுக்குத் தவணை கிடைக்கவில்லை. அவர்கள் வீட்டுப் பெண் ஒருவரின் கல்லும் அங்கே இருக்கிறது. பவுல்லா கொர்னேலியா, க்னேயஸின் மகள், ஹிஸ்பால்லஸின் மனைவி. அவ்வளவுதான் எழுத்து. அவரது பேழையைப் பார்பட்டஸின் பேழைக்குப் பின்னால் செருகியிருந்தார்கள்.

இப்படி வாசிப்பது நியாயமா என்ற சந்தேகம் வராமல் இல்லை. பிள்ளையைப் பறிகொடுத்த ஒருவர், வீட்டில் புழங்கிய சொற்களால்தானே அழமுடியும்? பதவியும் வெற்றியும் மட்டுமே பேச்சாக இருந்த வீட்டில் பாசத்துக்கும் அதே சொற்கள்தான் கிடைத்திருக்கும். யாரும் அவனைக் குறைசொல்லிவிடக்கூடாது என்று முந்திக்கொண்டு வாதாடுகிற தாயோ தகப்பனோ அந்த வரிக்குப் பின்னால் இருக்கலாம். அப்படித்தான் இருந்திருக்கவேண்டும் என்று மனம் விரும்புகிறது. ஆனால் இந்த விளக்கம் அமைதி தருவதற்குப் பதில் தொந்தரவைக் கூட்டுகிறது. அவனுக்கு எது பிடிக்கும், யாரைப் போல் சிரிப்பான், எந்தக் காய்ச்சலில் போனான் என்று எதுவும் சொல்லாமல், இல்லாத பதவிக்குச் சமாதானம் சொல்லும் துக்கம் எத்தனை பெரிய நெருக்கடிக்குள் இருந்து வந்திருக்கவேண்டும்.

பெரிய ஆப்பிரிக்கானஸே இந்த வீட்டின் கணக்குக்குள் முழுதாக அடங்கவில்லை. கி.மு. 202இல் சாமாவில் ஹன்னிபாலை வென்றவர். பதினைந்து ஆண்டுகள் கழித்து, அந்தியோகஸிடமிருந்து வந்த பணத்துக்குக் கணக்கு எங்கே என்று செனட்டில் கேட்டபோது, ஏட்டைக் கொண்டுவரச் செய்து, எல்லோர் முன்னிலையிலும் கிழித்துப்போட்டு, துண்டுகளில் தேடிக்கொள்ளுங்கள் என்றார். 15,000 டேலண்ட் உங்களுக்கு வந்ததே, அது யாரால் வந்தது என்று கேட்காமல் செலவான 3,000 டேலண்டுக்கு மட்டும் கணக்குக் கேட்கிறீர்களே என்றும் கேட்டார். அவர் தரப்பு பலமானதாக இருக்கலாம். ஆனாலும் ஒரு குடியரசின் பணத்துக்கான ஏட்டைக் கிழித்த கை அது. வென்றவனைக் கேள்வி கேட்கக்கூடாது என்ற எண்ணம் அந்த வீட்டின் கூடத்திலிருந்துதான் வந்தது. பிறகு அவர் ரோமை விட்டு லிட்டர்னத்துக்குப் போய் கி.மு. 183 வாக்கில் அங்கேயே இறந்தார். நன்றிகெட்ட நாட்டுக்குத் தன் எலும்புகூடக் கிடையாது என்று கல்லறையில் எழுதச் சொன்னதாக ஒரு மரபு உண்டு. அவர் கல்லறை லிட்டர்னத்தில் என்றும் ரோமில் என்றும் இரண்டு பேச்சு இருந்ததை லிவி பதிவுசெய்கிறார். லிட்டர்னத்தில் புயலில் சாய்ந்து கிடந்த சிலையைத் தானே பார்த்ததாகவும் சொல்கிறார். அவரது மெழுகு முகமும் மற்ற முகங்களோடு வீட்டில் இல்லை. காபிட்டோலியக் குன்றின் ஜூபிடர் கோயிலுக்குள் அது வைக்கப்பட்டிருந்தது. வீட்டில் சாவு விழுந்தால் அங்கிருந்து எடுத்துவருவார்கள்.

அந்த முகத்தை வீட்டில் பார்க்காமல் வளர்ந்த மகன்களுக்கும் அதன் பாரம் குறையவில்லை. ஒருவர் நோயாளி. கிரேக்க மொழியில் வரலாறு எழுதினார், நல்ல படிப்பாளி, உடம்பு மட்டும் ஒத்துழைத்திருந்தால் நாட்டுக்கு இன்னொரு விளக்காக இருந்திருப்பார் என்கிறார் சிசரோ. மற்றவரைப் பற்றி வலேரியஸ் மாக்சிமஸ் சொல்வது இன்னும் கொடுமை. பிரீட்டர் தேர்தலுக்கு அவர் நின்றபோது, தகப்பனிடம் எழுத்தராக வேலை பார்த்த கிகெரேயஸ் எதிரில் நின்று முன்னேறிக்கொண்டிருந்தார். பழைய முதலாளியின் பிள்ளை தோற்கப்போகிறான் என்று தெரிந்ததும் வேட்பாளரின் வெள்ளை டோகாவைக் களைந்துவிட்டு அவருக்காகவே ஓட்டுக் கேட்டார். மகன் வென்றார். ஆனால் அவர் நீதிமன்ற இருக்கையில் உட்காரவே சொந்தக்காரர்கள் விடவில்லை. அவர் விரலில் தகப்பனின் தலை செதுக்கிய மோதிரம் ஒன்று இருந்தது, அதையும் உருவிக்கொண்டார்கள். கி.மு. 174இல் சென்சர்கள் செனட்டிலிருந்து நீக்கியவர்களில் லூசியஸ் சிபியோ என்ற பிரீட்டரும் ஒருவர் என்று லிவி குறிக்கிறார். அவரே இவர் என்பது பொதுவான கருத்து. வலேரியஸ் இந்தக் கதையைச் சீரழிந்த மகன் என்ற பாடமாக எழுதுகிறார். அந்தப் பாடத்தை ஏற்க மனம் வரவில்லை. ஒரு மனிதனின் விரலைப் பிடித்து அவன் தகப்பன் முகத்தைக் கழற்றியெடுக்கும் உறவினர்களில்தான் பார்வை நிற்கிறது. அந்த மோதிரம் அவனுடையது என்று அவர்கள் நினைக்கவேயில்லை.

நோயாளி மகனுக்குப் பிள்ளையில்லை. அவர் மாமன் எமிலியஸ் பவுல்லஸ் தன் நான்கு மகன்களில் இருவரைத் தத்துக் கொடுத்தார். ஒருவன் ஃபேபியஸ் வீட்டுக்கு, இன்னொருவன் சிபியோ வீட்டுக்கு. மாசிடோனியாவை வென்று கி.மு. 167இல் பவுல்லஸ் வெற்றி ஊர்வலம் நடத்துவதற்கு ஐந்து நாள் முன்பு, வீட்டில் வைத்துக்கொண்ட மகன்களில் ஒருவன் இறந்தான். ஊர்வலம் முடிந்து மூன்று நாள் கழித்து மற்றவனும் போனான். இரண்டு மகன்கள் உயிரோடு இருந்தும் அவர் பெயரைச் சொல்ல ஆளில்லை. சிபியோ வீட்டுக்குப் போன பிள்ளைதான் பிற்காலத்தில் கார்தேஜை அழித்த எமிலியானஸ். பதினெட்டு வயதில் அவன் பாலிபியஸிடம் பேசிய பேச்சு அப்படியே கிடைக்கிறது. நீங்கள் ஏன் அண்ணனிடம் மட்டும் பேசுகிறீர்கள், என்னைப் பொருட்படுத்துவதில்லையே என்று தாழ்ந்த குரலில், முகம் சிவக்கக் கேட்கிறான். நான் அமைதியான சோம்பேறி, நீதிமன்றத்தில் வாதாட வராதவன், ரோமானியனின் துடிப்பே இல்லாதவன் என்று ஊர் சொல்கிறதாம். நான் வந்து சேர்ந்த வீட்டுக்கு என்னைப் போன்றவன் ஆகாது என்கிறார்களாம். அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட வலிக்கிறது என்கிறான். கி.மு. 146இல் எரியும் கார்தேஜைப் பார்த்து, டிராய் அழிவைப் பற்றிய ஹோமரின் வரிகளைச் சொல்லிக் கண்ணீர் விட்டவர் அவர். பக்கத்தில் நின்ற பாலிபியஸ் அதை, தன் நாட்டுக்கும் இந்த நாள் வரும் என்ற ஞானமாகப் புரிந்துகொண்டார். அந்தப் பதினெட்டு வயதுப் பையன் அன்று எங்கே போயிருந்தான் என்று கேட்கத் தோன்றுகிறது.

ஆப்பிரிக்கானஸின் இளைய மகள் கொர்னேலியா பன்னிரண்டு பிள்ளைகள் பெற்றார். பிழைத்தவர்கள் மூவர்: டைபீரியஸ் கிராக்கஸ், கேயஸ் கிராக்கஸ், செம்ப்ரோனியா. மகளை எமிலியானஸுக்குக் கொடுத்தார். தன்னை இன்னும் சிபியோவின் மாமியார் என்றுதான் ஊர் அழைக்கிறது, கிராக்கஸ்களின் தாய் என்று எப்போது அழைக்கும் என்று அவர் மகன்களைக் குத்திக்காட்டியதாகப் புளூட்டார்க் ஒரு பேச்சைக் குறிக்கிறார். அது எந்த அளவு உண்மையோ, கல்லறையின் கேள்வி இங்கே ஒரு தாயின் வாயில் வருகிறது. டைபீரியஸ் மக்கள் பிரதிநிதியான ட்ரிப்யூன் ஆனார். பொது நிலத்தை ஏழைக் குடியானவர்களுக்குப் பிரித்துக்கொடுக்கச் சட்டம் கொண்டுவந்தார். கி.மு. 133இல் அவர் இரண்டாம் முறை தேர்தலுக்கு நின்ற நாளில், காபிட்டோலியக் குன்றில் கூட்டம் கூடியிருந்தபோது, செனட்டிலிருந்து எழுந்து வந்தவர் தலைமைக் குரு சிபியோ நாசிக்கா செராப்பியோ. டோகாவின் நுனியைத் தலைமேல் இழுத்துப் போட்டுக்கொண்டு, தடிகளும் உடைந்த பெஞ்சுகளின் கால்களும் ஏந்திய செனட்டர்களோடு குன்றேறினார். முந்நூறு பேருக்கு மேல் அடித்தே கொல்லப்பட்டார்கள். ஒருவர் மேலும் இரும்பு படவில்லை. இந்த நாசிக்கா யாரென்றால் கொர்னேலியாவின் அக்காள் மகன். டைபீரியஸுக்குப் பெரியம்மா மகன், அண்ணன் முறை. கொன்றவர், செத்தவர் இருவருக்கும் அம்மாவைப் பெற்ற தாத்தா ஆப்பிரிக்கானஸ். டைபீரியஸ் ஜூபிடர் கோயிலின் வாசலருகே விழுந்தார் என்கிறார் அப்பியன். அந்தக் கோயிலுக்குள்தான் தாத்தாவின் மெழுகு முகம் இருந்தது.

உடலையாவது கொடுங்கள், இரவோடு இரவாகப் புதைத்துவிடுகிறோம் என்று தம்பி கேயஸ் கேட்டார். கொடுக்கவில்லை, டைபர் ஆற்றில் எறிந்தார்கள். கி.மு. 121இல் கேயஸுக்கும் அதே கதி. ட்ரிப்யூன் பதவிக்கு மெழுகு முகம் கிடையாது. ஆற்றில் போனவர்களுக்குக் கல்லும் கிடையாது. ஆப்பிரிக்கானஸின் இந்தப் பேரன்கள் இருவரும் அலமாரியிலும் இல்லை, கல்லறையிலும் இல்லை. நுமான்டியாவில் முற்றுகையில் இருந்த எமிலியானஸ், மைத்துனன் செத்த செய்தி கேட்டு, ஹோமரின் ஒரு வரியால் அதை ஆமோதித்தார். கொஞ்ச காலத்தில் ரோமின் சாதாரண மக்கள் சகோதரர்கள் விழுந்த இடங்களைப் புனித இடங்களாக்கி, சிலை வைத்து, பருவத்தின் முதல் விளைச்சலைப் படைத்தார்கள். கொர்னேலியா மிசேனம் கடற்கரை வீட்டில் விருந்தினரிடம் தகப்பனாரின் வாழ்க்கையைச் சுவையாகப் பேசுவார். மகன்களைப் பற்றியும், பழங்காலத்து மனிதர்களைப் பற்றிச் சொல்வதைப் போல, ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாமல் சொல்வார். அதை மன உறுதி என்று புளூட்டார்க் பாராட்டுகிறார். மகன்களையும் முன்னோர் வரிசையில் உட்கார வைத்துப் பேசினால்தான் அந்த வீட்டில் பிறந்தவரால் அவர்களைப் பேசமுடிந்தது என்பதே இன்னொரு விளக்கம்.

கி.மு. 50இல் சிசரோ நண்பர் அட்டிகஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். செராப்பியோவின் கொள்ளுப்பேரன் ஒருவர் மெட்டெல்லஸ் வீட்டுக்குத் தத்துப் போய், மெட்டெல்லஸ் சிபியோ என்ற இரட்டைப் பெயரோடு கான்சலாகவும் ஆகியிருந்தார். ரோமின் மிகப்பெரிய இரண்டு குடும்பங்களின் மெழுகு முகங்களுக்கு அவர் வாரிசு. அவருக்குத் தன் கொள்ளுத்தாத்தா சென்சராக இருந்ததில்லை என்பதே தெரியவில்லை என்று சிசரோ திகைக்கிறார். மெட்டெல்லஸ் வைத்த குதிரைவீரர் சிலைகளில் ஒன்றின் முகம் ஆப்பிரிக்கானஸுடையது. கீழே செராப்பியோவின் பெயர். சிற்பியின் பிழை என்று முதலில் நினைத்தாராம். பிழை மெட்டெல்லஸுடையது என்று பிறகுதான் புரிந்ததாம். பொன்முலாம் பூசிய அந்தக் குதிரைவீரர் சிலைகளை மெட்டெல்லஸ் சிபியோ நிறுவிய இடம் காபிட்டோலியக் குன்று. எண்பத்துச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன் செராப்பியோ தம்பி முறையானவனைக் கொல்ல ஆள் திரட்டிக்கொண்டு ஏறிய குன்றும் அதுதான்.